கர்ப்ப காலத்தில் நாள் முழுக்க நிற்கும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். வருகிறவர்களில் நிறையப் பேர் விளக்குத்தூண், மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைகளில் சேல்ஸ் வேலை பார்ப்பவர்கள். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டேதான்.

போன மாதம் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். மெட்டி சதைக்குள் புதைந்துபோய் விரல் நீலம் பாய்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டும் வரவில்லை. விரலைச் சுற்றி நூலை இறுக்கமாகச் சுற்றி, வீக்கத்தை அமுக்கி, மெதுவாகத் திருகித் திருகிக் கழற்றினோம். அடியில் வட்டமாகக் குழி விழுந்திருந்தது. "வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "மத்தியானம் வரைக்கும்தான் சிஸ்டர் வலிக்கும், அப்புறம் மரத்துப் போயிடும்" என்றார். அவரை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திருப்பூரில் செக்கிங் மேசை முன்னால் நிற்பவர்கள், வகுப்பில் நின்று பாடம் நடத்தும் டீச்சர்கள், வார்டில் நிற்கும் என் போன்ற நர்சுகள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ரொம்ப நேரம் நின்றால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தா?

பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆரோக்கியமாக இருக்கும் பெரும்பாலான பெண்கள் நிற்கும் வேலை பார்த்தே நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். அதே சமயம், தினமும் பல மணி நேரம் நிற்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் ஆகும் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் நீண்ட நேரம் நின்ற அம்மாக்களின் குழந்தைகளுக்குத் தலைச் சுற்றளவு சராசரியாக 1 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு ஏதோ கோளாறு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நிற்பது குழந்தையின் வளர்ச்சியையும் தொடக்கூடும் என்கிற அளவில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை மாதம் நின்றுவிட்டேனே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். இன்றிலிருந்து என்ன மாற்ற முடியும் என்று பார்ப்போம்.

அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கலாம்?

எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு போட முடியாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1984இல் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வேலையை 24ஆவது வாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மணிக்கு 30 நிமிடத்துக்கு மேல் விட்டு விட்டு நிற்பதை 32ஆவது வாரத்தோடு நிறுத்தலாம், மணிக்கு 30 நிமிடத்துக்குள் என்றால் பிரசவம் வரை பரவாயில்லை. பழைய கணக்குதான். இருந்தாலும் மேலாளரிடம் பேசப் போகும்போது கையில் ஓர் அளவுகோல் இருப்பது நல்லது. நான் சொல்வது இன்னும் எளிமையானது. ஆறாவது மாதம் தொடங்கியதும், ஒரு மணி நேரத்தில் பாதி நேரமாவது உட்கார்ந்து பார்க்கும்படி வேலையை மாற்றிக் கேளுங்கள்.

"நின்னு நிமிர்ந்து வேலை பார்த்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்" என்கிறார் மாமியார். உட்கார்ந்தால் சோம்பேறி என்கிறார்கள். எது சரி?

மாமியார் சொல்வதில் பாதி சரி. உடம்பை அசைப்பது நல்லது. நடப்பது மிக நல்லது. ஆனால் அவர்கள் காலத்தில் வேலை என்றால் கிணற்றுக்குப் போவது, களத்துமேட்டுக்கு நடப்பது, குனிவது, நிமிர்வது, நடுநடுவே திண்ணையில் உட்கார்வது என்று மாறி மாறித்தான் இருந்தது. கடையில் நீங்கள் செய்வது வேறு. ஒரே ரேக்குக்கு முன்னால், ஒரே இரண்டு டைல்ஸ் மேல், அசையாமல் நிற்கிறீர்கள்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். இதயத்திலிருந்து ரத்தம் காலுக்கு இறங்குவது எளிது. மேலே ஏற ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுப்பது கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அது சுருங்கி, ரத்தக் குழாயை அமுக்கி, ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. அதனால்தான் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்பார்கள். அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓடாது, ரத்தம் காலிலேயே தேங்கும். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரை கூடியிருக்கும். ஹார்மோனால் ரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கும். கனத்த கர்ப்பப்பை, காலிலிருந்து மேலே போகும் பெரிய ரத்தக் குழாயை வேறு அழுத்தும். இந்த மூன்றும் சேர்ந்த நேரத்தில் பம்பையும் நிறுத்தினால் கால் வீங்காமல் என்ன செய்யும்?

ஆகவே மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நடக்கிறேன் அத்தை, சாயந்திரம் அரை மணி நேரம் நடக்கிறேன். ஒரே இடத்துல நிக்கிறதைத்தான் டாக்டர் குறைக்கச் சொன்னாங்க." சொன்னால் புரிந்துகொள்வார்கள். செவ்வாய்க்கிழமை கூடவே வரும் மாமியார்களிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை "இவளை உட்காரவே விடமாட்டேங்கிறாங்க சிஸ்டர்" என்று கடைக்காரர் மேல் கோபப்பட்டவர்களும் உண்டு.

நின்றுதான் ஆக வேண்டும் என்றால், நிற்கும்போதே என்ன செய்யலாம்?

பம்பை ஓட விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை, மேசையையோ ரேக்கையோ பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இருபது தடவை. சேலையைக் காட்டிக்கொண்டே செய்யலாம், கஸ்டமருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கால் விரல்களை மடக்கி நீட்டுங்கள். உடம்பு பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றுங்கள். கவுண்டர் கீழே ஒரு சாண் உயரத்துக்குக் குறைவான மரப்பெட்டியோ பலகையோ கிடைத்தால், ஒரு காலை அதன் மேல் வைத்துப் பத்து நிமிடம், பிறகு அடுத்த கால். இடுப்பு வலி இதிலேயே நன்றாகக் குறையும்.

வயிறு முன்னால் தள்ளத் தள்ள நாம் தெரியாமலேயே பின்பக்கம் சாய்ந்து நிற்போம். நடுமுதுகும் இடுப்பும் வலிப்பது அதனால்தான். முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் தளர்த்தி, பின்பக்கத்தை லேசாக உள்ளே இழுத்து நின்று பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். கீழ்த் தட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். பண்டல் தூக்குவது, ஏணியில் ஏறி மேல் ரேக்கில் எடுப்பது இரண்டையும் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். உடம்பின் சமநிலை மாறியிருக்கும் நேரத்தில் ஏணி வேண்டவே வேண்டாம்.

கால் வீங்குவது சாதாரணம்தானே? எப்போது பயப்பட வேண்டும்?

சாயந்திரம் இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, இரவு காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்துவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் சாதாரண வீக்கம். கணுக்காலுக்கு மேல், எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அமுக்கி எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பும். நாங்கள் செவ்வாய்க்கிழமை செய்வதும் இதைத்தான்.

ஆனால் மூன்று விதமான வீக்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

காலையில் எழும்போதே முகமும் கையும் உப்பியிருக்கிறது, மோதிரம் திடீரென இறுகுகிறது, கூடவே விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி. இது ரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறியாக இருக்கலாம். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தலைவலியோடு கண் மங்கினால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக, சிவந்து இருப்பது. ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது இடது காலில்தான் அதிகம் வரும். அந்தக் காலைத் தைலம் போட்டு நீவி விடவே கூடாது. உடனே மருத்துவமனை. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது, இரவெல்லாம் காலைத் தூக்கி வைத்தும் வடியாத வீக்கம். ரத்தசோகையோ வேறு காரணமோ இருக்கலாம், பரிசோதித்துவிடுவோம்.

பார்லிக் கஞ்சி குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாப்பாடாக நினைத்துக் குடியுங்கள், தப்பில்லை. அதைக் குடித்துவிட்டோம் என்று பிரஷர் பார்க்க வராமல் இருப்பதுதான் தப்பு. நீர்முள்ளிக் கஷாயம், நீர் பிரியும் மாத்திரை இதெல்லாம் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். உப்பை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் இவற்றைக் குறைத்தால் போதும். மெட்டியையும் மோதிரத்தையும் ஐந்தாம் மாதத்திலேயே கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். கழற்றக் கூடாது என்று வீட்டில் சொன்னால் திறந்த மெட்டியாக, நெகிழ்த்தி விடக்கூடியதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. என்ன செய்வது?

உட்காருங்கள். அந்த நொடியே, இருக்கும் இடத்திலேயே. கஸ்டமர் நிற்கிறார், சூப்பர்வைசர் பார்க்கிறார் என்று ஒரு நிமிடம் தாங்கிப் பார்க்காதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் குழந்தை வயிற்றில் ஏழு மாதம். அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நர்சுகள் உட்காரக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. கேஸ் ஷீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். முதலில் கொட்டாவி வந்தது. பிறகு உள்ளங்கை வேர்த்தது. டாக்டர் பேசுவது தூரத்திலிருந்து கேட்பது போல் ஆனது. இன்னும் இரண்டு படுக்கைதானே என்று பல்லைக் கடித்தேன். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், குளுக்கோஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. வயிற்றில் அடிபடவில்லை. ஆனாலும் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் வரை எனக்கு உயிர் இல்லை.

கொட்டாவி, வேர்வை, காது அடைப்பது இவைதான் முன்னறிவிப்பு. வந்ததும் உட்கார்ந்து தலையைத் தாழ்த்துங்கள். முடிந்தால் ஒருக்களித்து, இடது பக்கமாகப் படுங்கள். மல்லாந்து வேண்டாம், பெரிய ரத்தக் குழாய் இன்னும் அழுந்தும். தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள்.

இது அடிக்கடி வந்தால் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சும்மா நிற்பதே பாரமாக இருக்கும். இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். மாத்திரையோடு டீ மட்டும் வேண்டாம், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், நன்றாகச் சேரும். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பையில் வேர்க்கடலை உருண்டையோ வாழைப்பழமோ இருக்கட்டும்.

எந்தச் செருப்பு நல்லது?

குதிகால் உயர்ந்தது வேண்டாம். காகிதம் போல் தட்டையானதும் வேண்டாம். ஓர் அங்குல அளவு மெத்தென்ற அடிப்பாகம், பின்பக்கம் வார் உள்ளது நல்லது. கர்ப்பத்தில் பாதம் அகன்று, கொஞ்சம் நீளவும் செய்யும். பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்காமல் சாயந்திரம் கால் வீங்கியிருக்கும்போது போய் வாங்குங்கள். விரிப்பின் மேல் வெறுங்காலோடு நிற்க வேண்டிய கடையாக இருந்தால் காலுக்கடியில் ரப்பர் மேட் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சேலை வரும் அட்டைப்பெட்டியை இரண்டாக மடித்துப் போட்டு நில்லுங்கள். கிரானைட் தரைக்கு அதுவே எவ்வளவோ மேல். வழுக்காத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

வெரிகோஸ் சாக்ஸ் போடலாமா?

நரம்பு புடைத்திருப்பவர்களுக்கும், கால் கனத்து இழுப்பவர்களுக்கும் நல்ல உதவி. மருத்துவரிடம் கேட்டு, காலை அளந்து, சரியான அழுத்தம் உள்ளதை வாங்க வேண்டும். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், வீக்கம் ஏறாதபோதே போட வேண்டும். இரவில் கழற்றிவிடலாம். நம் ஊர் வெயிலுக்கு அரிக்கும், அதற்காகப் பாதியில் சுருட்டி விட்டுவிடாதீர்கள். சுருட்டிய இடம் கயிறு கட்டினாற்போல் இறுக்கிவிடும். பள்ளிக்கூடச் சாக்ஸில் இருக்கும் இறுக்கமான எலாஸ்டிக் இதற்குப் பதிலாகாது.

கழிவறைக்குப் போக விடமாட்டேன் என்கிறார்கள், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இந்த ஒரு கேள்விக்கு எனக்குக் கோபமே வரும், உங்கள் மேல் இல்லை.

தண்ணீர் குறைந்தால் தலைசுற்றல் கூடும், மலச்சிக்கல் வரும், வயிறு அடிக்கடி இறுகும். சிறுநீரை அடக்கினால் தொற்று வரும். சாதாரண நாளில் சிறுநீர்த் தொற்று ஓர் எரிச்சல், அவ்வளவுதான். கர்ப்பத்தில் அது சிறுநீரகம் வரை ஏறிக் குளிர்காய்ச்சல் வரலாம், குறைமாத வலியைக் கிளப்பலாம். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிரோடு காய்ச்சல் என்றால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை. இரண்டு மாடி ஏறிப் போக வேண்டியிருந்தாலும் போய்விட்டு வாருங்கள். அந்த நடை கெண்டைக்காலுக்கும் நல்லது.

கடையில் உட்கார எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. பலருக்கு இது தெரியாது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

கேரளத்தில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் முதலில் கடைப் பெண்களுக்குக் கழிவறை வேண்டும் என்று போராடினார்கள். பிறகு உட்காரும் உரிமைக்காக. 2018இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், நாள் முழுக்கக் காலில் நிற்கும் நிலை இருக்கக் கூடாது என்கிறது அது. கர்ப்பிணிகளுக்கு மட்டுமான சலுகை இல்லை இது. எல்லோருக்கும் உண்டு, முதல் மாதத்திலிருந்தே உண்டு.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக இன்னொன்றும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் ஒரு காலத்தைக் குறிப்பிட்டது. பிரசவத் தேதிக்கு முந்தைய 6 வாரம், அதற்கும் முந்தைய 1 மாதம். ஏறக்குறைய கடைசி 10 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் கேட்டால், நீண்ட நேரம் நிற்கும் வேலையையோ கடினமான வேலையையோ அவரிடம் வாங்கக் கூடாது. இப்போது இந்த விதி சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அப்படியே தொடர்கிறது. "கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் கேட்க வேண்டும்.

பலர் செய்வது என்னவென்றால், முதல் இரண்டு குழந்தைகளுக்குக் கிடைக்கும் 26 வார விடுப்பை முழுவதும் குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று வலி வரும் நாள் வரை வேலைக்குப் போவார்கள். அப்படிப் போகும் கடைசி வாரங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. விரும்பினால் 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் விடுப்புக் காலச் சம்பளம் அங்கிருந்து வரும், அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். அதனால் வாய்ப்பேச்சாக மட்டும் விடாமல் எழுதிக் கொடுங்கள். எங்களிடம் வந்தால் மருத்துவர் சீட்டு எழுதித் தருவார். கடிதம் நாலு வரி போதும்:

"எனக்கு இப்போது (இத்தனை) வாரக் கர்ப்பம். மருத்துவர் குறித்த பிரசவத் தேதி (இது). நீண்ட நேரம் நிற்கும் வேலையிலிருந்து விலக்கு அளித்து, உட்கார்ந்து பார்க்கும் வேலை தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் சீட்டை இணைத்துள்ளேன்."

கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ஸ்டூல் கொடுங்க" என்று மட்டும் கேட்பதைவிட, என்ன வேலை செய்வேன் என்று நீங்களே சொன்னால் மேலாளருக்கும் சுலபம். பில் போடுவது, விலை ஸ்டிக்கர் ஒட்டுவது, விரித்த சேலைகளை மடித்து வைப்பது, டெலிவரி கொடுக்கும் இடம், போனில் வரும் ஆர்டரைக் குறிப்பது என்று எந்தக் கடையிலும் உட்கார்ந்து பார்க்கும் வேலை இருக்கத்தான் செய்கிறது. தீபாவளி சீசனில் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஒரு மாதம் முன்னதாகவே பேசிவிடுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்பது இன்னும் நல்லது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி செல்லாது. மறுத்தாலோ மிரட்டினாலோ தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்.

நிற்கும்போது வயிறு கல் மாதிரி இறுகுகிறது. பிரசவ வலியா?

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இடது பக்கம் சாய்ந்தால் விட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் பொய்வலி. ஓய்வெடுத்தும் ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவைக்கு மேல் வந்தால், அதுவும் 37 வாரத்துக்கு முன் என்றால், உடனே வாருங்கள். நீர் கசிவு, ரத்தப்போக்கு இருந்தால் இறுகுகிறதா இல்லையா என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

குழந்தையின் அசைவையும் சொல்லிவிடுகிறேன். கூட்ட நேரத்தில் நிற்கும்போது அசைவு தெரியாது, மறந்தும் போகும். 28 வாரத்துக்குப் பிறகு தினமும் சாப்பிட்டதும் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். குறைந்தால் அன்றே வாருங்கள், இரவாக இருந்தாலும்.

யார் நிற்கும் வேலையே பார்க்கக் கூடாது?

முன்பு குறைமாதத்தில் பிரசவம் ஆனவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை, குழந்தை வளர்ச்சி குறைவு என்று ஸ்கேனில் சொன்னவர்கள். இவர்கள் மேலே சொன்ன எதையும் வைத்துச் சமாளிக்கப் பார்க்காமல், வேலையைத் தொடரலாமா என்று மருத்துவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.

கடையிலிருந்து வந்தும் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறதே?

அதை யாரும் வேலை நேரத்தில் சேர்ப்பதில்லை! காய் நறுக்குவது, பூண்டு உரிப்பது, மாவு பிசைவது எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் இருபது நிமிடம் ஒருக்களித்துப் படுத்து, காலுக்கடியில் இரண்டு தலையணை. கால் இதயத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த இருபது நிமிடமும் அடுப்பை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் இடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆறாம் மாதத்தில் சேலைக் கட்டில் வயிறு தெரியாது, வாய் திறந்து சொன்னால்தான் எழுந்திருப்பார்கள்.

வளைகாப்பு அன்றும் இதேதான். வருகிறவர்களை வரவேற்க வாசலில் நிற்பது, போட்டோவுக்காக ஒவ்வொரு குடும்பத்தோடும் நிற்பது எல்லாம் வேண்டாம். உங்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தே எல்லா வளையலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பிய பிறகு?

புடைத்த நரம்புகள் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கிவிடும். பிரசவம் ஆகி 6 வாரம் வரை காலில் ரத்தம் கட்டும் அபாயம் இருக்கிறது. ஆகவே ஒரு கால் வீக்கத்தை அப்போதும் அலட்சியம் செய்யாதீர்கள். வேலைக்குத் திரும்பும் முதல் வாரம், ரப்பர் மேட்டும் காலுக்கு வைத்த மரப்பெட்டியும் பழைய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரும்பக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் அம்மாவுக்கும் அதே தண்ணீர், அதே ஸ்டூல் வேண்டும்.